ஒட்டவைக்கும் புரதம் புற்றுநோயை எப்படிப் பரப்பும்? பெரியோஸ்டின் பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி: பயோடெக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் சித்திக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்தன. இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். பெரியோஸ்டின் என்று ஒரு புரதம், செல்கள் வெளியே சுரந்துவிடும் ஒட்டுப் புரதம், புற்றுநோய் பரவக் காரணம் என்று படித்தேன். ஒட்டிப் பிடித்து வைக்கிற புரதம் எப்படிப் பரவவிடும்? அதை ரத்தத்தில் அளந்து பார்த்தால் சித்திக்குப் பயன் உண்டா? தடுக்க மருந்து இருக்கிறதா?

பதில்:

பரவல் என்றதும் கட்டியிலிருந்து செல்கள் பிய்த்துக்கொண்டு ஓடுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அப்படிப் பார்த்தால் ஒட்டுப் புரதம் பரவலைத் தடுக்கத்தான் வேண்டும். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் கட்டியை விட்டுக் கிளம்புவது புற்றுநோய் செல்லுக்குப் பெரிய காரியமே இல்லை. போய் இறங்கிய இடத்தில் பிழைத்துக் கிடப்பதுதான் பெரிய காரியம். பெரியோஸ்டின் முக்கியமாகக் கைகொடுப்பது அங்கேதான். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

பிழைப்பது எவ்வளவு அரிது என்று முதலில் பார்ப்போம். 1970இல் ஐசையா ஃபிட்லர் பி16 என்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களில் கதிரியக்க அயோடின் அடையாளம் ஏற்றிச் சுண்டெலிகளின் ரத்தக்குழாயில் செலுத்தினார். ஒரு நாள் கழித்து உயிரோடு மிஞ்சியவை சுமார் 1 சதவீதம். இரண்டு வாரத்தில் அது 0.1 சதவீதமாகிவிட்டது. 1998இல் கனடாவில் ஆன் சேம்பர்ஸ் குழுவினர் இதே மெலனோமா செல்களைச் சுண்டெலியின் கல்லீரலுக்கு அனுப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணினார்கள். அங்கே கதை இன்னும் தெளிவானது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்கள் ரத்தக்குழாயைத் தாண்டிக் கல்லீரல் திசுவுக்குள் பத்திரமாக இறங்கிவிட்டன. அதற்குப் பிறகுதான் சரிவு. 40 செல்லுக்கு ஒன்றுதான் பிரிந்து பெருகி ஒரு சின்னக் கொத்தானது. அந்தக் கொத்துகளிலும் 100க்கு ஒன்றுதான் கண்ணில் படும் கட்டியாக வளர்ந்தது. செலுத்திய செல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 13ஆம் நாளிலும் சாகாமலும் வளராமலும் தனித்தனியாகக் கிடந்தன. பயணத்தில் தப்பித்தும் இறங்கிய இடத்தில் காலூன்ற முடியாமல் போனவை அவை.

இதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் ஊகித்திருந்தார். 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். கல்லீரலில் பரவல் 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. மண்ணீரலுக்கும் ரத்த ஓட்டம் தாராளமாகவே இருக்கிறது. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வரக் கூடாது. விதை எல்லாப் பக்கமும் போகிறது, ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கிறது என்று அவர் எழுதினார். அந்த மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. பெரியோஸ்டினை அந்தப் பதிலின் ஒரு பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன்.

இனி புரதத்துக்கு வருவோம். 1993இல் ஜப்பானில், சுண்டெலியின் எலும்பு உருவாக்கும் செல் வரிசை ஒன்றிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது இதற்கு ஆஸ்டியோபிளாஸ்ட் காரணி-2 என்று பெயர். எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையிலும், பல் வேரைத் தாடையோடு கட்டும் நாரிலும் நிறைய இருப்பது தெரிந்த பிறகு, 1999இல் அகிரா கூடோவின் குழு பெரியோஸ்டின் என்று பெயர் மாற்றியது. எடை சுமார் 90 கிலோடால்டன். மனிதனில் இதன் ஜீன் 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதத்தின் நடுப்பகுதியில் ஒரே மாதிரியான நான்கு மடிப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றின் மூதாதை, பூச்சிகளில் வளரும் நரம்பு இழைகளில் உள்ள ஃபாசிக்ளின் என்ற ஒட்டுப் புரதம். செல் சவ்வில் குத்தி நிற்பதற்கான பகுதி பெரியோஸ்டினில் கிடையாது. செல் இதைச் சுரந்து வெளியே விடுகிறது. அங்கே கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், டெனாசின்-சி போன்றவற்றோடு சேர்ந்து, செல்களுக்கு வெளியே உள்ள மேட்ரிக்ஸ் வலையில் இதுவும் ஒரு கண்ணியாகிவிடுகிறது. கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடும் என்சைமைத் தூண்டவும் இது உதவுகிறது. அதனால் இது சேரும் இடத்தில் திசு இறுகும்.

இதை வெறும் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியோஸ்டின் ஜீனை நீக்கிய சுண்டெலிகள் பிறக்கின்றன, ஆனால் குள்ளமாக வளர்கின்றன. பல் முளைத்து மெல்லத் தொடங்கியதும் ஈறும் பல்லைப் பிடிக்கும் நாரும் சிதைகின்றன. 2005இல் வந்த ஆய்வில் ஒரு அருமையான சோதனை இருக்கிறது. அதே சுண்டெலிகளுக்குக் கடிக்கத் தேவையில்லாத மெத்தென்ற தீனி கொடுத்தபோது பல் கோளாறு கணிசமாகக் குறைந்தது. இழுபடுகிற, அழுத்தம் தாங்க வேண்டிய இடங்களில்தான் இந்தப் புரதத்தின் அருமை தெரிகிறது என்று அர்த்தம். இதயத்திலும் அப்படியே. மாரடைப்பு வந்த பிறகு, பெரியோஸ்டின் இல்லாத சுண்டெலிகளில் இதயச் சுவர் கிழிந்துபோவது அதிகம், ஏனென்றால் தழும்பு உறுதியாக உருவாவதில்லை. தோலில் காயம் பட்டால் சில நாட்களில் அந்த இடத்தில் பெரியோஸ்டின் கூடும், ஆறியதும் குறையும். புற்றுக்கட்டியை ஆறாத காயம் என்று 1986இல் ஹெரால்ட் டுவோரக் எழுதினார். பெரியோஸ்டினை வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்து எவ்வளவு சரி என்று புரியும். காயத்தில் வந்துபோகிற புரதம், கட்டியைச் சுற்றி மட்டும் போகாமல் நின்றுவிடுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில் இது. செல் நகரவும் பிடிப்பு வேண்டும், உயிர் வாழவும் பிடிப்பு வேண்டும். பாசி படிந்த குளத்துப் படியில் நடந்திருப்பீர்கள். கால் பிடிக்காத இடத்தில் ஒரு அடி கூட முன்னே வைக்க முடியாது. செல்லும் முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் விட்டு, உடம்பை இழுத்துக்கொண்டுதான் ஊர்கிறது. அதற்குக் கால் போல உதவுபவை சவ்வில் உள்ள இன்டெக்ரின்கள். பெரியோஸ்டினைப் பிடிப்பவை முக்கியமாக ஆல்ஃபா-வி பீட்டா-3, ஆல்ஃபா-வி பீட்டா-5 என்ற இரண்டு. கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோய் செல்கள் பெரியோஸ்டின்மீது இந்த இரண்டு இன்டெக்ரின்களால் ஒட்டி, வேகமாக நகர்கின்றன என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள்.

உயிர் வாழ்வதற்குப் பிடிப்பு ஏன் என்று கேட்டால், அதை உங்கள் கல்லூரி லேபிலேயே பார்க்கலாம். செல் கல்ச்சர் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கவனியுங்கள். ஃபிளாஸ்க்கின் அடியில் எபிதீலியல் செல்கள், அதாவது உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் வகைச் செல்கள், தட்டையாக, ஓரம் விரித்து, கல் பதித்த தளம் மாதிரி நெருங்கி உட்கார்ந்திருக்கும். பிடிப்பை வெட்டிவிடும் ட்ரிப்சின் என்ற என்சைமை ஊற்றி இன்குபேட்டரில் சில நிமிடம் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஓரங்கள் சுருங்கும், ஒவ்வொரு செல்லும் உருண்டையாகும், ஃபிளாஸ்க்கை லேசாகத் தட்டினால் பிய்ந்து மிதக்கும். புதுத் தட்டில் விட்டால் சில மணி நேரத்தில் மறுபடி ஒட்டிப் படர்ந்துவிடும். ஒட்டவே முடியாத பூச்சு உள்ள தட்டில் விட்டால், சாதாரண எபிதீலியல் செல்கள் மிதந்தபடியே தம்மைத் தாமே அழித்துக்கொள்ளத் தொடங்கும். ஊட்டச்சத்து, வெப்பம், ஆக்ஸிஜன் எல்லாம் அதேதான். பிடிமானம் ஒன்றுதான் இல்லை. இடம் மாறிப்போன செல் வேறு உறுப்பில் வளர்ந்துவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் இது. அனாய்கிஸ் என்று இதற்கு 1994இல் பெயர் வைத்தார்கள். புற்றுநோய் செல்கள் இந்தக் காவலை ஓரளவு ஏமாற்றப் பழகியவை, ஆனால் முழுமையாக அல்ல. பழக்கமில்லாத உறுப்பில் இறங்கும்போது அவற்றுக்கும் ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது.

2004இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சியாவ்-ஃபான் வாங்கின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அதிகம் பரவாத பெருங்குடல் புற்றுநோய் செல்களில் பெரியோஸ்டினை மிகையாக உற்பத்தி செய்ய வைத்து, சுண்டெலிகளில் செலுத்தினார்கள். கல்லீரலில் பரவல் பெருமளவு கூடியது. காரணத்தைத் தேடியபோது, பெரியோஸ்டின் ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரினைப் பிடித்து, உள்ளே ஏகேடி என்ற பாதையை இயக்குவது தெரிந்தது. ஏகேடி, செல்லுக்குள் சாகாதே என்ற உத்தரவைக் கடத்தும் என்சைம். ஆக்ஸிஜன் குறைவு, ஊட்டமின்மை போன்ற நெருக்கடியில் புற்றுநோய் செல்லும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்ச் சுவர்ச் செல்லும் சாகாமல் தாக்குப்பிடித்தன. கவனியுங்கள், பெரியோஸ்டின் இங்கே முக்கியமாகச் செய்தது சாவைத் தள்ளிப்போட்டது.

ஆனால் அந்தச் சோதனையில் பெரியோஸ்டினைச் சுரந்தவை புற்றுநோய் செல்களே, அதுவும் ஆய்வாளர்கள் செய்த ஏற்பாட்டால். நோயாளியின் திசுவில் நிலைமை பெரும்பாலும் வேறு. பெரியோஸ்டினுக்குச் சாயமேற்றிய ஒரு மார்பகக் கட்டி ஸ்லைடைப் பார்த்தால், புற்றுநோய் செல்கள் தீவுதீவாக நீல நிறத்தில் நிற்கும். பெரியோஸ்டினைக் காட்டும் பழுப்பு நிறம் அவற்றில் அநேகமாக இருக்காது. தீவுகளுக்கு இடையே ஓடும் நார்த்திசு முழுக்க அடர்ந்த பழுப்பு, அலையலையாக, ஒவ்வொரு தீவின் கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். இதைச் சுரப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். ஜீன் மாற்றம் எதுவும் இல்லாத, உடம்பின் சொந்தச் செல்கள். கட்டி அனுப்பும் சமிக்ஞையைக் காயத்தின் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு, காயத்துக்குச் செய்வதையே இங்கேயும் செய்கின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பரவலுக்குத் தேவையானவற்றில் ஒரு பெரும் பங்கை, நோய் இல்லாத செல்கள்தான் சமைத்துத் தருகின்றன.

இதை உறுதியாக நிறுவிய ஆய்வு 2012இல் நேச்சர் இதழில் வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யோர்க் ஹூல்ஸ்கன் ஆய்வகத்தில் இலாரியா மலாங்கி முன்னின்று செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது, தானாகவே மார்பகக் கட்டி வந்து, பிறகு நுரையீரலுக்குப் பரவும் சுண்டெலி வகை. அந்தக் கட்டியில் எல்லாச் செல்களும் பரவும் தகுதி உடையவை அல்ல. புற்றுநோய்த் தண்டுச் செல்கள் என்று சொல்லும் ஒரு சிறு பிரிவுக்குத்தான் நுரையீரலில் புதுக் கட்டி தொடங்கும் திறன் இருந்தது. இந்தச் சுண்டெலிகளைப் பெரியோஸ்டின் ஜீன் இல்லாதவற்றோடு கலந்து வளர்த்தார்கள். மார்பகக் கட்டி வழக்கம்போல் வந்தது, வழக்கம்போல் வளர்ந்தது. நுரையீரல் பரவல் மட்டும் வெகுவாகக் குறைந்துபோனது. ஒரே உடம்பில் மூலக்கட்டிக்குத் தேவைப்படாத ஒன்று, பரவலுக்கு இன்றியமையாததாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக இரண்டும் பிரிவது அபூர்வம்.

நுரையீரலில் என்ன நடந்தது? சாதாரண நுரையீரலில் பெரியோஸ்டின் மிகக் குறைவு. தண்டுச் செல் வந்து இறங்கியதும் அக்கம்பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டுகிறது. அதில் டிஜிஎஃப்-பீட்டா-3 என்ற சமிக்ஞைப் புரதத்துக்குப் பங்கு இருந்தது. தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் பெரியோஸ்டினைச் சுரக்கிறது. அந்தப் பெரியோஸ்டின் வெறும் பிடிமானமாக மட்டும் நிற்கவில்லை. டபிள்யூஎன்டி என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதங்களைத் தன்னோடு பிணைத்து, தண்டுச் செல்லுக்குப் பக்கத்திலேயே சேர்த்து வைக்கிறது. கொஞ்சமாக இருந்த சமிக்ஞை ஒரே இடத்தில் சேர்ந்து போதுமானதாகிவிடுகிறது. தண்டுச் செல் தன் தண்டுத்தன்மையை இழக்காமல் பெருகத் தொடங்குகிறது. பெரியோஸ்டினைத் தடுக்கும் ஆன்டிபாடி கொடுத்தபோதும் சுண்டெலிகளில் பரவல் குறைந்தது. வந்த செல்லே தனக்கான மண்ணைத் தயார் செய்துகொள்கிறது என்பது பேஜெட் நினைத்துப் பார்க்காத திருப்பம்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2011இல், நியூயார்க்கில் ஜோன் மசாகே குழுவினர் டெனாசின்-சி என்ற இன்னொரு சுரப்புப் புரதத்தைப் பற்றி ஏறக்குறைய இதே கதையைச் சொன்னார்கள். அங்கே சின்ன வித்தியாசம்: மார்பகப் புற்றுநோய் செல்கள் தொடக்கத்தில் டெனாசின்-சியைத் தாங்களே தயாரித்துக்கொண்டு பிழைக்கின்றன, பிறகு சுற்றியுள்ள திசு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பெரியோஸ்டின் டெனாசின்-சியையும் மேட்ரிக்ஸில் கோத்துப் பிடிக்கும் புரதம் என்பதால், இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

உங்கள் சித்தி விஷயத்தில் நேரடியாகத் தொடர்புள்ளது அடுத்த ஆய்வு என்று நினைக்கிறேன். மார்பகப் புற்றுநோய், குறிப்பாக ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் திரும்ப வரக்கூடியது. அத்தனை வருடமும் ஒரு சில செல்கள் எங்கோ உறங்கிக் கிடக்கின்றன. எங்கே, எதனால் உறங்குகின்றன, எது எழுப்புகிறது என்று கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் சைரஸ் கஜாரும் மினா பிஸ்ஸலும் தேடினார்கள். 2013இல் முடிவுகள் வந்தன. உறங்கும் செல்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஒட்டியே இருந்தன. அமைதியாக இருக்கும் முதிர்ந்த குழாயின் சுவரில் த்ராம்போஸ்பாண்டின்-1 என்ற புரதம் இருக்கிறது; அது செல்லை உறக்கத்தில் வைக்கிறது. குழாய் புதிதாகக் கிளை விடும்போது, அந்தக் கிளையின் நுனியில் த்ராம்போஸ்பாண்டின்-1 குறைந்து, பெரியோஸ்டினும் டிஜிஎஃப்-பீட்டா-1ம் சேர்கின்றன. அந்த நுனியின் அருகே இருந்த செல்கள் உறக்கம் கலைந்து பெருகின.

த்ராம்போஸ்பாண்டினும் மேட்ரிக்ஸில் சேரும் சுரப்புப் புரதம்தான், செல்கள் அதையும் பிடிக்கின்றன. ஆகவே பிடிமானம் இருக்கிறதா என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். எதைப் பிடித்திருக்கிறது என்பது மீதிப் பாதி. இந்தப் புரதங்கள் வழியாகச் செல் தான் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அமைதியான திசு என்று ஒன்று சொல்கிறது, இங்கே கட்டுமானம் நடக்கிறது, நீயும் வளரலாம் என்று இன்னொன்று சொல்கிறது.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் வரும் கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரியோஸ்டின் குறைந்திருப்பதையும், அதைக் கூட்டினால் ஊடுருவல் அடங்குவதையும் 2005இல் ஒரு ஜப்பானியக் குழு கண்டது. பெரியோஸ்டின் இல்லாத சுண்டெலிகளில் சில கட்டிகளை நட்டபோது அவை சிறியதாகாமல் பெரியதாகவே வளர்ந்தன. கட்டியைச் சுற்றி உடம்பு போடும் கொலாஜன் உறை சரியாக உருவாகாததே காரணம் என்று கூடோவின் குழு காட்டியது. கட்டிக்கு மண் கொடுக்கும் அதே நார்த்திசு, சில சமயம் அதற்கு வேலியும் போடுகிறது. கணையப் புற்றுநோயில் நார்த்திசுச் செல்களையே அழித்துப் பார்த்த சுண்டெலி ஆய்வுகள் 2014இல் வந்தன; கட்டி அடங்குவதற்குப் பதில் மேலும் மூர்க்கமானது. எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று சொல்லாமல் பெரியோஸ்டின் நல்லதா கெட்டதா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். வேண்டாம். பெரியோஸ்டின் அதிகமாக இருக்கும் நோயாளிகளுக்குப் பல புற்றுநோய்களில் விளைவு மோசம் என்று ஆய்வுகள் இருக்கின்றன, உண்மைதான். அவை நூற்றுக்கணக்கான பேரை மொத்தமாக வைத்துப் பார்க்கும் கணக்கு. ஒரே ஒருவரின் ரத்தத்தில் அளந்தால் என்ன தெரியும்? ஆஸ்துமாவில் இது கூடும். அங்கே இன்டர்லூக்கின்-13 என்ற அழற்சிச் சமிக்ஞை இதைச் சுரக்கவைக்கிறது. நுரையீரல் தழும்பு நோயில் கூடும். எலும்பு முறிந்து கூடும்போது கூடும். வளர்கிற குழந்தைகளுக்கு எலும்பு வளர்ச்சியாலேயே பெரியவர்களைவிட அதிகம் இருக்கும். ஆஸ்துமாவில் லெப்ரிகிசுமாப் என்ற மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று சொல்ல இந்த அளவைப் பயன்படுத்தலாம் என்று 2011இல் பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு வந்த மூன்றாம் கட்டச் சோதனைகள் அதை நிலைநிறுத்தவில்லை. சித்திக்கு அளந்து எண் கூடுதலாக வந்தால், அதை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்ற முடியாது. குறைவாக வந்தால், நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. பணம் போவது ஒரு பக்கம், வீட்டில் எல்லோருடைய தூக்கமும் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள். சாப்பாட்டால் இதைக் குறைக்கலாம் என்று யாராவது பொடியோ கஷாயமோ சொன்னால், மனிதர்களில் அப்படி நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை.

மருந்து? பெரியோஸ்டினைத் தடுக்கும் மருந்து எதுவும் புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சையில் இல்லை. அது பிடிக்கும் இன்டெக்ரின்களைத் தடுக்கும் முயற்சி ஒன்று கடைசிக் கட்டம் வரை போனது. சிலெங்கிடைட் என்ற மருந்து, ஆல்ஃபா-வி பீட்டா-3, பீட்டா-5 இரண்டையும் அடைப்பது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயில் 545 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை. இந்த வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பதற்குப் பதில் தூண்டவே செய்யலாம் என்று 2009இலேயே லண்டனிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. அது தவிர, ஏற்கெனவே ஊன்றிவிட்ட கட்டியில் இதைச் சோதித்தது சரியான இடம்தானா என்பது என் கேள்வி. சுண்டெலியில் பெரியோஸ்டின் இன்றியமையாததாக இருந்தது ஊன்றும் கட்டத்தில். மூலக்கட்டி அது இல்லாமலே வளர்ந்தது. ஊன்றும் கட்டத்தில் மருந்து சோதிக்க வேண்டுமானால், ஆபரேஷன் முடிந்து, வெளியே எதுவும் தெரியாத, நலமாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்துப் பல வருடம் காத்திருக்க வேண்டும். காயம் ஆறுவதற்கும் எலும்புக்கும் பல்லுக்கும் தேவையான புரதத்தை அவ்வளவு காலம் தடுத்தால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதே.

அதற்காக மண்ணைக் குறிவைக்கும் சிகிச்சையே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒன்று இருக்கிறது, விலையும் அதிகமில்லை, பலருக்கு அது பரவலைத் தடுக்கத் தரப்படுகிறது என்பதே தெரியாது. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை மருந்துகள், குறிப்பாக ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி. எலும்பைக் கரைக்கும் செல்களை இவை அடக்குகின்றன. புற்றுநோய் செல்லுக்கு எலும்பு ஏற்ற மண்ணாக மாறுவதைத் தடுக்கின்றன. 18,766 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2015இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 10 வருடத்தில் எலும்பில் நோய் திரும்புவது 8.8 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோயால் இறப்பதும் குறைந்தது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அதே மருந்து, அதே நோய், உடம்பின் ஹார்மோன் நிலை மாறினால் பலன் மாறுகிறது. பேஜெட் இருந்திருந்தால் இந்த முடிவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்.

சித்திக்காக நீங்கள் செய்யக்கூடியவை இவை. அவர் சாப்பிடும் மாத்திரை டாமாக்சிஃபெனா, லெட்ரோசோல் வகையா என்று பாருங்கள். உறங்கும் செல்களுக்கு எதிராக இன்று கையில் இருக்கும் நிரூபிக்கப்பட்ட ஆயுதம் அந்த மாத்திரைதான், அதை ஐந்து வருடமோ அதற்கு மேலோ விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். லெட்ரோசோல் வகையில் மூட்டுவலி வரும். நிறையப் பேர் அதைத் தாங்க முடியாமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வலி இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. அவருக்கு மாதவிடாய் நின்றிருந்தால், ஜோலெட்ரானிக் ஆசிட் தேவைப்படுமா என்று அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கலாம். போடுவதாக முடிவானால், அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), கால்சியம், வைட்டமின் டி பார்த்துக்கொள்ள வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.